இழுவைக்குப் பழைய பிக்கப்: எந்த இன்ஜினை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

அமெரிக்கச் சந்தையில் பழைய முக்கால் டன், ஒரு டன் பிக்கப் (கனரக பிக்கப் வகைகள்) தேடுகிறவர்கள் முதலில் ஓடோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. ஒழுங்காகப் பராமரித்து 2 லட்சம் மைல் ஓட்டிய 5.9 லிட்டர் கம்மின்ஸ் (ராம் பிக்கப்பின் டீசல் இன்ஜின்), வெறும் 90,000 மைல் ஓடி யாரும் கைவைக்காத 6.0 பவர் ஸ்ட்ரோக்கைவிட (ஃபோர்டின் டீசல் இன்ஜின்) நல்ல பேரம். இந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த ஒரு பலவீனம் இருக்கிறது. அது சரிசெய்யப்பட்டதா, அதற்கு பில் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

பெயர் அதிகம் கெட்டுப்போன 6.0-வையே எடுத்துக்கொள்வோம். நேவிஸ்டார் தயாரித்து, 2003 முதல் 2007 வரை ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் வந்தது. கோளாறு தொடங்கும் இடம் ஆயில் கூலர். அதன் குறுகலான கூலண்ட் வழிகளில் வார்ப்பு மணலும் பழைய கூலண்டின் கசடும் படிந்து அடைத்துவிடும். எக்ஸாஸ்ட் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் அமைப்பின் கூலருக்குப் போகும் கூலண்ட் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். வரத்து குறைந்ததும் இஜிஆர் கூலருக்குள் கூலண்ட் கொதித்து, அது வெடித்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே ஹெட் போல்ட் இருப்பதால், அழுத்தம் ஏறினால் சிலிண்டர் ஹெட் தூக்கிக்கொண்டு அதன் அடியிலுள்ள கேஸ்கெட் போய்விடும். பலரும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, அடைத்த ஆயில் கூலரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்த கோடையில் அதே செலவு திரும்ப வரும்.

இதைச் சோதிக்க ஒரு ஸ்கேன் கருவி போதும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் சீரான வேகத்தில் ஓட்டி, ஆயில் வெப்பநிலையையும் கூலண்ட் வெப்பநிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 15 பாரன்ஹீட் டிகிரியைத் தாண்டினால் கூலர் அடைத்திருக்கிறது. இன்ஜெக்டர்களை இயக்கும் மின்பெட்டி 48 வோல்ட் தர வேண்டும். குளிர் ஸ்டார்ட்டில் 45-க்குக் கீழே விழுந்தால் இன்ஜெக்டர்களும் சேர்ந்து கெடும். இதற்குப் பெரும்பாலும் பலம் குறைந்த பேட்டரியே காரணம் என்பதால் இரண்டு பேட்டரியையும் சோதியுங்கள். 2005-க்குப் பிந்தைய வண்டியைச் சூடாக அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் மட்டும் பிடிக்க மறுத்தால் உயர் அழுத்த ஆயில் பம்பின் இணைப்பைச் சந்தேகிக்கலாம். ஹெட் ஸ்டட் (ஹெட் போல்ட்டுக்குப் பதிலாகப் போடும் பலமான திருகு), புது ஆயில் கூலர், மேம்பட்ட இஜிஆர் கூலர் மூன்றுக்கும் பில் காட்டுகிறவரிடம் இதே 6.0 தைரியமாக வாங்கலாம். கெட்ட பெயரால் விலையும் இறங்கியிருக்கும்.

அதற்கடுத்து 2008 முதல் 2010 வரை வந்த 6.4-ஐத் தொடவே வேண்டாம். புகை வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யச் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் விடுவதால், அது ஆயிலில் கலந்து நீர்த்துப்போகும். பிஸ்டன் விரிசலும் சேர்ந்தால் வண்டியின் விலையைவிட ரிப்பேர் அதிகம்.

2011-இல் ஃபோர்டு சொந்தமாக வடிவமைத்த 6.7 நல்ல இன்ஜின். கவலை அதன் சிபி4 என்ற உயர் அழுத்த எரிபொருள் பம்ப். அது உள்ளே தேய்ந்தால் இரும்புத்தூள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் பாகம்), இன்ஜெக்டர், குழாய் என எல்லா இடத்துக்கும் பரவும், மொத்தத்தையும் மாற்ற வேண்டும். டாலர் கணக்கில் நான்கிலக்கம் தாண்டி ஐந்திலக்கத்தை எட்டும் வேலை. 2011 முதல் 2016 வரையான ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) டியூராமேக்ஸ் டீசலிலும் இதே பம்ப்தான். 2019, 2020 ராம் கம்மின்ஸிலும் வந்தது. இந்த ராம் வண்டிகளுக்கு ரீகால் (கம்பெனியே திருத்தித் தரும் அழைப்பு) இருப்பதால் சேசிஸ் எண்ணை வைத்து வேலை முடிந்ததா என்று பாருங்கள். மற்றவற்றில் பம்பின் அளவீட்டு வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எரிபொருள் வடிகட்டியைத் தவறாமல் மாற்றி, சேரும் தண்ணீரை வடித்து வந்தவரா என்பதும் இங்கே முக்கியம்.

டியூராமேக்ஸில் 2001 முதல் 2004 வரையான எல்பி7 என்ற மாடலுக்கு இன்ஜெக்டர்தான் எமன். அது வால்வு கவருக்கு அடியில் இருப்பதால் கூலியே கையைக் கடிக்கும். சூடான பிறகும் ஐடிலில் (நின்ற இடத்தில் ஓடும்போது) வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருப்பது, அதில் டீசல் வாடை: மூன்றில் ஒன்று இருந்தாலும் விலையைக் குறையுங்கள். அடுத்து வந்த எல்எல்ஒய் பெரிய பாரத்தோடு வெயிலில் மலையேறினால் சூடேறும். 2006, 2007-இன் எல்பிஇசட் இவற்றில் சிறந்தது, ஆனால் அது விற்பவருக்கும் தெரியும். 2017-க்குப் பிறகு பம்ப் மாறிவிட்டதால் பட்ஜெட் இருந்தால் அங்கே போவது நிம்மதி.

கம்மின்ஸ் ரசிகர்கள் சொல்வதைப் பாதி நம்பலாம். 1998 நடுவிலிருந்து 2002 வரையான 24 வால்வு மாடலில், டேங்கிலிருந்து தள்ளும் சிறிய பம்ப் சோர்ந்தால் பெரிய ஊசிப் பம்ப் செத்துவிடும். அந்தச் சிறிய பம்பின் அழுத்தம் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே போகக் கூடாது. பிளாக்கில் 53 என்ற வார்ப்பு எண் இருந்தால் விரிசலும் கூலண்ட் கசிவும் தேடுங்கள். 2003 முதல் 2007 வரையான 5.9 காமன் ரெயில் என் முதல் தேர்வு. கூடவே வரும் பழைய ராம் ஆட்டோ கியர்பாக்ஸுக்கு மட்டும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பிந்தைய 6.7 கம்மின்ஸில் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை நெருக்கி வேகம் குறைப்பது) போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் அது பிடிக்காவிட்டால் டர்போ கரி அடைத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். காற்றைச் சூடேற்றும் ஹீட்டரின் போல்ட் உருகிச் சிலிண்டருக்குள் விழுந்த வண்டிகளும் உண்டு. அதைத் தடுக்கும் மாற்றுப்பாகம் போட்டிருந்தால் அந்த உரிமையாளரை நம்பலாம்.

எந்த இன்ஜினானாலும், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பிளாக்கில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரியும் எதையோ உங்கள் கண்ணிலிருந்து மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இருந்தால் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது. கூலண்ட் டப்பாவைச் சுற்றி வெள்ளைக் கறை இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கவிழ்த்து வாய் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி, தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மொத்த மைலை இன்ஜின் மணிக்கணக்கால் வகுங்கள். விடை 20-க்குப் பக்கத்தில் வந்தால், நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடிய வண்டி அது.

வண்டி தானாகவே செய்துகொள்ளும் சுயசோதனைகள் எதுவும் முடியவில்லை என்று ஸ்கேன் காட்டினால், எரர் கோடுகளை இப்போதுதான் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். புகை வடிகட்டியையும் இஜிஆரையும் பிடுங்கிப்போட்டு ட்யூன் செய்த வண்டியில் பவர் நன்றாக இருக்கும். ஆனால் அது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதமானது, புகைச் சோதனை உள்ள மாநிலத்தில் பதிவும் ஆகாது. அதிகப் பவரில் இழுத்த இன்ஜினின் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் என்ன பட்டிருக்கும் என்பது வெளியே தெரியாது.

ட்ரெய்லர் 8,000 பவுண்டுக்குள் என்றால் டீசல் தலைவலியே வேண்டாம். பெட்ரோலில் ஓடும் ஜிஎம்மின் இரும்பு பிளாக் 6.0, ஃபோர்டின் 6.2 இரண்டும் எரிபொருளைக் குடிக்கும், ஆனால் ஓடும். ஜிஎம்மில் பின்சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் முறிந்திருக்கிறதா பாருங்கள். 2004-க்குப் பிந்தைய ஃபோர்டு 5.4 மூன்று வால்வில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போதே உடையக்கூடும், சூடான ஐடிலில் வால்வு நேரத்தை மாற்றும் கேம் பேசர் தட்டும். ராமின் 5.7 ஹெமியில் டிக் டிக் சத்தம் கேட்டால் அவசரப்படாமல் சூடேறும்வரை காத்திருங்கள். சத்தம் மறைந்தால் பெரும்பாலும் மேனிஃபோல்ட் போல்ட், சின்ன வேலை. மறையாமல் நின்றால் வால்வைத் தூக்கும் லிஃப்டரின் உருளை தேய்ந்து கேம்ஷாஃப்ட்டையும் தின்றுகொண்டிருக்கலாம், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.