லண்டனில் டிஏபி ரேடியோ: பல வருடம் கேட்ட பிறகு

டிஜிட்டல் என்றால் சிடி மாதிரி கேட்கும் என்று நம்பி டிஏபி ரேடியோ (எஃப்எம் போலவே காற்றலையில், ஆனால் டிஜிட்டலாக வரும் வானொலி) வாங்குபவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். சமையலறையில் ஒன்று, காரில் ஒன்று என்று பல வருடமாக எனக்கு இதுதான் துணை. செய்தி, பேச்சு, கிரிக்கெட் வர்ணனைக்கு டிஏபி அருமை. இரைச்சலே கிடையாது. பாட்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். நிலையத்துக்கு நிலையம் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

காரணம், இடப் பங்கீடு. ஒரு மல்டிபிளெக்ஸ் என்பது பல நிலையங்களைச் சேர்த்துக் கட்டிய, சுமார் 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே ஒலிபரப்பு. வழக்கமான அமைப்பில் அதில் கிடைக்கும் நொடிக்குச் சுமார் 1,150 கிலோபிட்டைப் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் பங்கு போட வேண்டும். பிபிசி 1995-ல் ஆரம்பித்த டிஏபி, எம்பி2 என்ற பழைய சுருக்கமுறையில் ஓடுவது. அதில் ஸ்டீரியோ இசை ஒழுங்காக வர 192 கிலோபிட்டாவது தேவை. சாஸ்திரிய இசை நிலையமான பிபிசி ரேடியோ 3-க்கு அது கிடைக்கிறது, கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கும் குறை தெரியாது. 2006-ல் அதையும் 160-க்கு இறக்கிப் பார்த்தார்கள். நேயர்கள் விடவில்லை, பழைய அளவு திரும்பி வந்தது. தனியார் நிலையங்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நெடுங்காலம் 80 கிலோபிட் மோனோவில்தான் ஓடின. டிரம்ஸ் தட்டின் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதே நிலையம் எஃப்எம்மிலும் வந்தால் நான் எஃப்எம்முக்குப் போய்விடுவேன்.

புதிய சுருக்கமுறையில் ஓடும் டிஏபி பிளஸ் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2016-ல் தொடங்கிய மூன்றாவது தேசிய மல்டிபிளெக்ஸில் ஜாஸ் எஃப்எம் போன்ற சில நிலையங்கள் இந்த முறையில் வந்தன. குறைந்த பிட்டிலேயே ஸ்டீரியோ கிடைக்கிறது. ஆனால் பழைய பெட்டிகளால் அதைப் படிக்க முடியாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து சிக்னல். எஃப்எம் பலவீனமானால் இரையும், ஆனாலும் பேச்சு புரியும். டிஏபி அப்படியில்லை: ஒரு எல்லை வரை சுத்தமாக வரும், அதற்குக் கீழே போனால் கொப்பளித்துவிட்டு அப்படியே நின்றுவிடும். சுவருக்குள் உலோகத்தாள் பூசிய இன்சுலேஷன் இருக்கும் புது வீடுகளில் இது பெரிய தொல்லை. பெட்டியை ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து ஜன்னலோரம் நகர்த்துங்கள். ஆன்டெனாவைச் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள், இங்கே அலைகள் செங்குத்தாகத்தான் அனுப்பப்படுகின்றன. பெரும்பாலான பெட்டிகளின் மெனுவில் சிக்னல் அளவு காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இடம் தேடலாம்.

காரில் இது தனி சுகம். பிபிசியின் தேசிய மல்டிபிளெக்ஸ் நாடு முழுக்க 225.648 மெகாஹெர்ட்ஸிலேயே வருவதால், பர்மிங்ஹாம் வரை ஓட்டினாலும் ட்யூனிங்கைத் தொட வேண்டாம். லண்டன் உள்ளூர் நிலையங்கள் மட்டும் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காணாமல் போகும்.

அப்புறம் தாமதம். மணிக்கு மணி ஒலிக்கும் பிபிசியின் 'பிப்' சத்தத்தை வைத்துக் கடிகாரம் சரிசெய்ய நினைக்காதீர்கள், டிஏபியில் அது சில நொடி பிந்தித்தான் வரும். ஓவல் மைதானத்தில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டால் இன்னும் வேடிக்கை: விக்கெட் விழுந்து கூட்டம் கத்தி ஓய்கிறபோது, வர்ணனையாளர் பந்துவீச்சாளர் ஓடி வருவதைச் சொல்லிக்கொண்டிருப்பார். கையடக்கப் பெட்டியாக இருந்தால் பேட்டரியும் எஃப்எம்மைவிட வேகமாகத் தீரும்.

புதிதாக வாங்குவதென்றால் டிஏபி பிளஸ், எஃப்எம், வைஃபை மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். விலை கூடத்தான். ஆனால் சென்னை, கொழும்பு நிலையங்கள் வேண்டுமென்றால் வைஃபை இல்லாமல் ஆகாது.