190 யூரோவுக்கு வாங்கிய பச்சை விளக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், எங்கள் ஆள்தானே" என்று எனக்கே தோன்றிவிடும். ஜேர்மனியில் ஐஎஸ்டிஎன் என்ற பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்புக்கான தொலைபேசிகளை இன்னும் வைத்துக்கொண்டு கடை நடத்தும் எங்களவர்கள் இதை வாசிக்க வேண்டும். வாங்குமுன் பார்க்க வேண்டிய ஐந்து விடயங்களைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் 190 யூரோ எப்படிப் போனது என்று கேளுங்கள்.

என் பலசரக்குக் கடையில் 2003இல் பூட்டிய சிறிய தொலைபேசி இணைப்பகம் ஒன்று இருக்கிறது; ஒரே இணைப்பைப் பல தொலைபேசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கல்லாவில் ஒரு தொலைபேசி, களஞ்சிய அறையில் ஒன்று, மேல்மாடி வீட்டில் ஒன்று, எண்கள் மூன்று. ஐஎஸ்டிஎன்னில் பேசுவதற்கு 64 கிலோபிட் வழிகள் இரண்டு உண்டு. அதனால் கடையில் ஒருவர் பேசும்போதே வீட்டிலும் பேசலாம். அழைப்பு விவரங்களைக் கொண்டுவர 16 கிலோபிட்டில் இன்னொரு வழி. அந்தக் காலத்தில் இரண்டு வழிகளையும் சேர்த்து 128 கிலோபிட்டில் இணையம் பார்த்தோம். கட்டணமும் இரண்டு அழைப்புக்கு வந்தது!

ஜேர்மன் தொலைபேசி நிறுவனமான டொச் டெலிகொம் 2018ஐக் குறியாக வைத்து இணைப்புகளை ஐபிக்கு, அதாவது இணைய இணைப்பிலேயே பேசும் முறைக்கு, மாற்றத் தொடங்கியது. அப்போதும் என் இணைப்பகம் சாகவில்லை. வாடகைக்கு வந்த ரூட்டரிலேயே ஐஎஸ்டிஎன் வாய் ஒன்று இருந்தது. அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. சென்ற மாதம் கடையை இடம் மாற்றியபோது ஒப்பந்தம் முடிந்ததென்று ரூட்டரைத் திருப்பி அனுப்பினேன். புதிதாக வந்ததில் அந்த வாய் இல்லை.

பழைய மின்னணுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். நடத்துபவர் எங்களவர். ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேரில் வருடாவருடம் முகம் பார்ப்பவர். நான் பிரச்சினையைச் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே போய்ச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, இது ஐஎஸ்டிஎன் மோடம். கொண்டுபோய்ச் செருகுங்கள், மூன்று தொலைபேசியும் பேசும். 150 யூரோ. தம்பியை அனுப்பிப் பூட்டித் தர 40."

விலை கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அவர் தேநீர் வரவழைத்தார், ஊரில் அம்மாவின் முழங்கால் எப்படி என்று விசாரித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "பில்லைக் கடைப் பெயரில் போடுகிறேன் அண்ணா, வரிக்கு நல்லது" என்றார். எவ்வளவு அக்கறையான பிள்ளை என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் என் கழுத்தில் கயிறு விழுந்தது.

தம்பி வந்தார். தெருவிலிருந்து வந்த ஐஎஸ்டிஎன் கம்பியை அந்தக் காலத்தில் கட்டிடத்துக்குள் முடித்துவைத்த பழைய என்டிபிஏ பெட்டியைச் சுவரில் கொழுவினார், மோடத்தை அதனுடன் இணைத்தார், பச்சை விளக்கு எரிந்தது. "எண்கள் பதிவாக ஓர் இரவு ஆகும்" என்று 40 யூரோவை வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் போய்விட்டார். விடிந்தது; விளக்கு எரிந்தது; தொலைபேசி மட்டும் பேசவில்லை. அது புரட்டாதிச் சனிக்கு முந்தைய வெள்ளி. வாழையிலைக்கும் மரக்கறிக்கும் ஆட்கள் அழைக்கும் நாள். ஒரு மணிச்சத்தம்கூட இல்லை.

அழைத்தேன். "லைன் பிழை அண்ணா, கொம்பனியைக் கேளுங்கள்." கொம்பனியைக் கேட்டேன். உங்கள் இணைப்பில் ஐஎஸ்டிஎன்னே கிடையாது, என்டிபிஏவைக் கழற்றிவிடுங்கள் என்றார்கள். மறுபடி அழைத்தேன். "உங்கள் இணைப்பகம் பழசு." மூன்றாம் முறை, "அண்ணா சாப்பிடுகிறார், பிறகு எடுப்பார்." எத்தனை நாள் சாப்பிட்டாரோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, தொலைத்தொடர்பு வேலை செய்யும் என் அண்ணன் மகன் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சித்தப்பா, இது ஐஎஸ்டிஎன்னை வாங்குகிற பெட்டி. உங்களுக்கு வேண்டியது கொடுக்கிற பெட்டி." எஸ்-நுல் என்கிற ஐஎஸ்டிஎன் வாய் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். போதாக்குறைக்குக் கணினி வலையமைப்பின் வாயும் அதே வடிவம். செருகினால் 'கிளிக்' என்று பொருந்தும். இந்த மோடம், தெருவிலிருந்து ஐஎஸ்டிஎன் வந்த காலத்தில் கணினியை இணையத்தில் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. தெருவிலிருந்து ஐபி வரும்போது அதற்கு வாங்குவதற்கு எதுவும் இல்லை. பச்சை விளக்கு மின்சாரம் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான். இதைப் பழைய பெட்டிகளிலேயே பிழைப்பு நடத்துபவர் அறியாமல் இருப்பாரா?

திங்கள் காலை நேரில் போனேன். இந்த முறை தேநீர் இல்லை. பில்லைத் திருப்பிக் காட்டினார். அடியில் எறும்பு எழுத்தில், வணிகர்களுக்கு விற்கும் பழைய பொருளுக்குப் பொறுப்பு இல்லை என்று இருந்தது. வீட்டுத் தேவைக்கென்று என் சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால், பழைய பொருளானாலும் கடைக்காரர் அப்படி முழுதாகக் கைகழுவ ஜேர்மன் சட்டம் விடாது. வணிகரும் வணிகரும் என்றால் கதையே வேறு. "மூன்று தொலைபேசியும் பேசும்" என்று அவர் சொன்னது எழுத்திலும் இல்லை. 190 யூரோ!

அண்ணன் மகன் பிறகு உள் எஸ்-நுல் வாய், அதாவது ஐஎஸ்டிஎன்னைக் கொடுக்கிற வாய், உள்ள பழைய ரூட்டர் ஒன்றை 45 யூரோவுக்கு எடுத்துத் தந்தான். என்டிபிஏவைக் கழற்றி எறிந்தான், மூன்று எண்களையும் ரூட்டரில் பதிந்தான், அதே எண்களை ஊர்க்குறியீடு இல்லாமல் இணைப்பகத்திலும் பதிந்தான். கால் மணி நேரத்தில் கல்லாத் தொலைபேசி அடித்தது.

ஐந்து விடயங்கள் என்றேன். உள் எஸ்-நுல் வாய் இருக்கிறது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் தொலைபேசியைக் கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பேசிப் பாருங்கள். வீட்டுத் தேவைக்கு வாங்குவதை வரிக்கு ஆசைப்பட்டுக் கடைப் பெயரில் பில் போடாதீர்கள். மற்ற இரண்டும் இப்போது வாயில் வரவில்லை, கல்லாவில் ஆள் நிற்கிறார். பெட்டி கல்லாவுக்குக் கீழேதான் கிடக்கிறது. எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் வாருங்கள், செருகிக் காட்டுகிறேன். விளக்கு நன்றாக எரிகிறது.