பைப்பரசினுக்கு அசையாத பூச்சியும் ஆல்பெண்டசோல் பாட்டிலும்: மூன்று மாத அனுபவம்

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் யாராவது குடற்புழு நீக்க ஆல்பெண்டசோல் மருந்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் சொல்வது 2.5 சதவீத சஸ்பென்ஷன், கால்நடை மருந்துக் கடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற அதே வெள்ளைத் திரவம். பல கம்பெனிகள் போடுகின்றன, மருந்து ஒன்றுதான்.

எங்கள் வீடு மணப்பாறைப் பக்கம். பதினான்கு சிறுவிடைக் கோழிகள், ஒரு சேவல். பகலெல்லாம் தோட்டத்தில் மேயும், ராத்திரி கூண்டுக்குள். போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து எல்லாமே இளைக்க ஆரம்பித்தன. தீவனத்தை நன்றாகத்தான் தின்றன, ஆனால் தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தும், கொண்டை வெளுத்துக் கிடக்கும், முட்டை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. கடையில் கேட்டதும் பைப்பரசின் என்ற புழு மருந்தைக் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்து வைத்த மறுநாள் எச்சத்தில் சேமியா மாதிரி நீளமான வெள்ளைப் புழுக்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்து, சரி, வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன். முடியவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு தடவை கொடுத்தேன், கடைசித் தடவை ஒன்றுமே விழவில்லை, கோழி மட்டும் தேறவில்லை. நடுவில் வேப்பிலை, பூண்டு, மஞ்சள் அரைத்து உருட்டியும் கொடுத்தேன். நன்றாக இரை எடுத்தன, இளைப்பு நிற்கவில்லை.

ஒரு கோழி செத்த அன்று அதைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றின் எச்சத்தையும் காகிதத்தில் மடித்து, அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அந்தக் கோழியாவது பிழைத்திருக்கும். டாக்டர் குடலை நீளவாக்கில் கீறி, கறுப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசிக் காட்டினார். தட்டையாக ரிப்பன் மாதிரி நாடாப்புழுக்கள் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதைவிட எனக்கு அதிர்ச்சி, தண்ணீருக்குள் தலைமுடியைவிட மெல்லிசாக மிதந்தவை. கறுப்புத் தட்டு இல்லையென்றால் கண்ணுக்கே தெரிந்திருக்காது. எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது அவற்றின் முட்டையையும் பார்த்தேன், எலுமிச்சம்பழ வடிவில், இரண்டு முனையிலும் மூடி வைத்த மாதிரி. பைப்பரசின் பெரிய உருண்டைப்புழுவைச் செயலிழக்க வைத்து எச்சத்தோடு தள்ளிவிடும், நாடாப்புழுவையும் இந்த முடிப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நான் மூன்று தடவையும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன், ஆனால் வேறு புழுவுக்கான மருந்தை.

எழுதிக் கொடுத்தது ஆல்பெண்டசோல். உருண்டைப்புழு மட்டும் இருந்தால் குறைந்த அளவே போதும், எங்கள் கோழிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் என்றார். 2.5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம், ஆக ஒன்றரைக் கிலோ கோழிக்கு 1.2 மில்லி. இந்தக் கணக்கு பாட்டிலில் கிடையாது. லேபிளில் மாடு, ஆடு அளவுதான் இருக்கிறது, கூட வருகிற அளவு மூடியும் அவற்றுக்குத்தான். இதுதான் இந்த மருந்தில் எனக்குப் பெரிய குறை. கோழிக்காரர்கள் குத்துமதிப்பாக ஊற்றுவது இதனால்தான். துணிப்பையில் ஒவ்வொன்றையும் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சில் கொடுங்கள்.

இன்னொன்று, இது தண்ணீரில் கரையாது. முதல் நாள் சோம்பலில் ஒரு கிண்ணத்தில் கலந்து பார்த்தேன், கால் மணி நேரத்தில் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டது. மேலே குடிக்கிற கோழிக்கு வெறும் தண்ணீர், கடைசியில் குடிக்கிறதுக்கு எல்லாமும். அதனால் ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டு. ராத்திரி கூண்டில் அடைந்த பிறகு பிடிப்பது சுலபம். அலகைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை திறந்து மூடும், அது மூச்சுக்குழல், அதில் மருந்து போய்விடக் கூடாது. அலகின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தானே விழுங்கிவிடும். பதின்மூன்று கோழிக்கும் சேவலுக்கும் எனக்கும் மகனுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.

முட்டை விஷயத்தில் கவனம். டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் முட்டையை வீட்டிலும் சேர்க்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. உங்கள் டாக்டர் எத்தனை நாள் சொல்கிறாரோ அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே அளவில் இரண்டாவது தடவை. ஒரு மாதத்தில் கொண்டை சிவந்தது. 1.1 கிலோவுக்கு இறங்கியிருந்த கறுப்புக் கோழி 1.4க்கு வந்தது, இப்போது மறுபடி முட்டை வைக்கிறது. திரும்ப எச்சம் பார்த்தபோது அந்த எலுமிச்சை முட்டை ஒன்றுகூட இல்லை.

ஆனால் நாடாப்புழு இரண்டு கோழிகளிடம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது மாதம் எச்சத்தின் மேல் அரிசி மாதிரி துண்டுகள் நெளிந்தன. மருந்து தோற்றது என்று சொல்ல மாட்டேன். நாடாப்புழுவின் முட்டையைத் தின்ற எறும்பு, வண்டு இவற்றைக் கோழி கொத்தினால் மறுபடி வயிற்றுக்குள் போகிறது, எங்கள் குப்பைமேடு கூண்டிலிருந்து பத்தடியில் இருந்தது. அதைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டேன், கூண்டுக்கடியில் எச்சத்தை இப்போது தினமும் வாரிவிடுகிறேன். அந்த இரண்டுக்கும் நாடாப்புழுவுக்கான பிராசிக்குவாண்டல் மருந்து கொடுக்கலாமா என்று கேட்க எச்சத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மருந்தகத்துக்குப் போகிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். கோழிக்கான அளவை லேபிளில் அச்சடித்து, உள்ளே ஒரு சின்ன சிரிஞ்சும் வைத்தால் ஐந்து.