பான்கேக் உப்பி வர எந்தத் தயிர்: சட்டித் தயிரா, கப் யோகட்டா, வீட்டில் உறைய வைத்ததா?

கொழும்பில் தயிருக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு நடுத்தரக் கடைக்குள் நுழைந்தாலே போதும், மண்சட்டியில் எருமைத் தயிர், அதன் பக்கத்தில் 80 கிராம் கப் யோகட், கொஞ்சம் தள்ளிச் சீனி போடாத பெரிய டப்பா என்று வரிசையாக இருக்கும். பான்கேக்குக்கு ஒரு கப் யோகட் சேருங்கள் என்று சொல்லும் செய்முறைகளில் பெரும்பாலானவை வேறு நாட்டுச் சமையலறையில் பிறந்தவை. அவர்கள் சொல்வது சீனி இல்லாத, கெட்டியான, ஒரே மாதிரிப் புளிக்கிற ஒன்றை. நம்முடைய கடைத் தட்டில் இருப்பவை அப்படியல்ல. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஒருநாள் பெருவிரல் தடிப்பில் எழும்பும், மறுநாள் ரொட்டி மாதிரித் தட்டையாகக் கிடக்கும்.

என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன். கலவைக்குள் போக வேண்டியது வீட்டுத் தயிர், அதுவும் வழக்கத்தைவிட ஓர் இரவு கூடுதலாகப் புளித்தது. சட்டித் தயிர் தட்டுக்கு. கப் யோகட் அவசரத்துக்கு. இதை மறுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், குறிப்பாகச் சட்டித் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்புக்காரர்கள். அவர்களுக்கும் காரணம் சொல்ல வேண்டும்தானே.

தயிர் பான்கேக்கை உயர்த்துவதில்லை. உயர்த்துவது வாயு. தயிரில் இருக்கும் லக்டிக் அமிலம் அப்பச்சோடாவைத் தொட்டதும் காபனீரொட்சைட்டு கிளம்புகிறது. அந்தக் குமிழிகள் வெளியே ஓடாமல் பிடித்து வைத்திருக்கக் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். பிறகு தாச்சியின் சூட்டில் முட்டையும் மாவும் இறுகி, குமிழி இருந்த இடத்தை அப்படியே நிறுத்திவிடும். ஆகவே ஒரு தயிரைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டே: எவ்வளவு புளிக்கிறது, எவ்வளவு கெட்டி. கொழுப்பு மூன்றாவது. அது மென்மையைத் தரும், உயரத்தை அல்ல.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க ஓர் அடிப்படைக் கலவை வேண்டும். கோதுமை மா ஒரு கப், அதாவது ஏறத்தாழ 125 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஈரப் பக்கத்தில் முக்கால் கப் தயிர், ஒரு முட்டை, உருக்கிய பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, தேவைக்குப் பால். கரண்டியிலிருந்து ஓடாமல், கனமாகத் தயங்கி விழ வேண்டும். அதுதான் பதம். புட்டுக்கென்று அவித்து அரித்து வைத்திருக்கும் மாவை மட்டும் தொட வேண்டாம். அவிக்கும்போதே அதன் பசைத்தன்மை போய்விடுகிறது, குமிழியைப் பிடித்து வைக்க அதில் ஒன்றுமில்லை.

சட்டித் தயிர்

எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் 4 சதவீதத்தை ஒட்டித்தான். போதாததற்கு மண்சட்டி தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் மட்டக்களப்பிலிருந்து வருகிற சட்டியானாலும் தெற்கே திஸ்ஸமகாராமப் பக்கத்துச் சட்டியானாலும், கவிழ்த்தால்கூட உடனே விழாத அந்தக் கட்டித்தன்மை. இப்படிப்பட்ட ஒன்று பான்கேக்கைத் தூக்கி நிறுத்தும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

நடப்பது வேறு. முக்கால் கப் சட்டித் தயிரைப் போட்டால் கலவை இறுகிப்போய்க் கரண்டியை விட்டு விழாது. தளர்த்தப் பாலை ஊற்ற வேண்டியிருக்கிறது. பால் கூடக்கூடப் புளிப்பு குறைகிறது. புதுச் சட்டி ஏற்கெனவே இனிப்புக்குக் கிட்டத்தான் நிற்கும், அதில் சோடாவுக்கு வேலை கொடுக்கப் போதிய அமிலமில்லை. மிஞ்சிய சோடா சவர்க்கார வாடையாக நாக்கில் தட்டும். வருகிற பான்கேக் மோசமில்லை. ஈரமாக, கொழுகொழுவென்று, கேக் துண்டைக் கடிப்பதுபோல இருக்கும். ஆனால் பொங்கியிருக்காது.

இதையே பாவிக்க வேண்டுமென்றால் அரைக் கப் தயிர், கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாகப் பால், பட்டரைப் பாதியாகக் குறைப்பு, சோடாவும் ஒரு சிட்டிகையோடு நிறுத்தம். பேக்கிங் பவுடரை மட்டும் ஒன்றரைத் தேக்கரண்டியாக்கலாம். தயிரைத் தனியாக நன்றாக அடித்துவிட்டுத்தான் மாவோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திரள்கள் அப்படியே வெந்து நிற்கும். கடையில் வாங்கும்போது “அண்ணை, இது எப்ப வந்த சட்டி?” என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு வாங்குகிறவர்கள் இன்று வந்ததைத் தேடுவார்கள். பான்கேக்குக்காரருக்கு இரண்டு மூன்று நாள் நின்று புளிப்பேறியது நல்லது.

ஆனாலும் இந்தத் தயிரை மாவில் கரைத்து அடுப்பில் வைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஆடை படிந்த அந்த மேற்பகுதியைச் சூடாக்கிவிட்டால் எல்லாத் தயிரும் ஒன்றுதான். சுடச்சுட எடுத்த பான்கேக்கின்மேல் குளிர்ந்த சட்டித் தயிர் ஒரு கரண்டி, அதன்மேல் கித்துள் பாணி. சட்டிக்குக் கொடுத்த காசுக்கு அங்கேதான் பலன் கிடைக்கிறது. பாணி நல்லதாக இருக்க வேண்டும், சீனிப்பாகு கலந்தவைதான் சந்தையில் அதிகம்.

கப் யோகட்

ஹைலண்ட், கொத்மலை, அம்பேவெல, நியூடேல் என்று எதை எடுத்தாலும் சாதாரணக் கப்பின் குணம் ஒன்றுதான்: சீனி உண்டு, வனிலா வாசம் உண்டு, பெரும்பாலும் ஜெலட்டினும் உண்டு. இதன் பலம் மாறாத தன்மை. போன வாரக் கப்பும் இந்த வாரக் கப்பும் ஒரே புளிப்பு, ஒரே கெட்டி. அளவு பார்க்கவும் வேண்டாம், ஒரு கப் மாவுக்கு 80 கிராம் யோகட் கப் இரண்டு என்று கணக்கு முடிந்துவிடும்.

பலவீனம் சீனி. செய்முறையில் உள்ள சீனியை முழுதாக விட்டுவிட்டால்கூட யோகட்டில் இருப்பது தாச்சியில் கெதியாகச் சிவக்கும். வெளியே மண்ணிறம், உள்ளே பச்சை மா. தீயை வழக்கத்தைவிடக் குறைத்து, மூடி போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் சமாளிக்கலாம். ஜெலட்டின் கிண்ணத்தில் கெட்டியாகத் தெரியும், சூட்டில் உருகிவிடும், அதனால் ஊற்றிய வட்டம் எதிர்பார்த்ததைவிட அகலமாகப் பரவும். உயரம் நடுத்தரம். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், பாணியே கேட்க மாட்டார்கள்.

ஜெலட்டின் விலங்குப் பொருள். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிற வீடுகளும், ஹலால் பார்க்கிற வீடுகளும் கப்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை வாசித்துவிட்டு வாங்குவது நல்லது.

சீனி போடாத டப்பா யோகட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளிநாட்டுச் செய்முறைகள் மனதில் வைத்திருப்பது இதைத்தான், அளவை மாற்றாமல் அப்படியே போடலாம், நன்றாக எழும்பும். விலைதான். காலைச் சாப்பாட்டுக்கு அவ்வளவு செலவழிக்க மனமிருந்தால் இந்த அலசலே உங்களுக்குத் தேவையில்லை.

வீட்டுத் தயிர்

கொழும்புத் தொடர்மாடியில் கறந்த பாலுக்கு எங்கே போவது? பாக்கெட் பால் அல்லது பால்மா. இதில் பால்மாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நகரம் இது, அதன் அருமை நமக்குத் தெரியும். தயிருக்கு அதில் ஒரு தனி வசதி இருக்கிறது: எவ்வளவு தடிப்பாகக் கரைப்பது என்பது உங்கள் கையில். தேநீருக்குக் கரைப்பதைவிட ஒன்றரை மடங்கு தடிப்பாகக் கரைத்து, கொதிக்கவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி உறை ஊற்றினால் பசுந்தயிர் என்றே சொல்ல முடியாத அளவுக்குக் கெட்டியாக உறையும். இங்குள்ள வெக்கைக்கு ஆறு மணித்தியாலம் காணும்.

சோற்றுக்கென்றால் அந்த நேரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். பான்கேக்குக்கு அப்படிச் செய்யாமல் இரவு முழுக்க வெளியே விடுங்கள். பக்டீரியா தொடர்ந்து வேலை செய்து அமிலத்தைக் கூட்டும். சாப்பாட்டு மேசையில் “புளிச்சுப் போச்சு” என்று ஒதுக்கப்படும் அந்த நிலைதான் சோடாவுக்கு வேண்டியது. முக்கால் கப் புளித்த தயிர் கால் தேக்கரண்டி சோடாவைச் சமாளித்து, இலேசான புளிப்பையும் மிச்சம் வைக்கும். அந்தப் புளிப்பு இல்லாத பான்கேக் வெறும் இனிப்பு ரொட்டிதான்.

தயிர் தண்ணீராக இருந்தால் ஒரு மெல்லிய துணியில் அரை மணித்தியாலம் தொங்கவிடுங்கள். வடிகிற மஞ்சள் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கலவையைத் தளர்த்தப் பாலுக்குப் பதில் அதையே ஊற்றலாம். பால் ஊற்றினால் புளிப்பு குறையும் என்றேனே, இந்தத் தண்ணீரில் அந்தச் சிக்கல் இல்லை, அமிலம் அதிலும் இருக்கிறது. விலை கூடிய டப்பா யோகட்டை விட்டால், கெட்டியும் புளிப்பும் ஒரே நேரத்தில் கைக்குள் வருவது இந்த வழியில் மட்டும்தான். மற்ற எதிலும் ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறைகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் புளிப்பு மாறும். மழைக்காலத்தில் மெதுவாக உறையும். நாளைக் காலை பான்கேக் வேண்டுமென்று இன்று மத்தியானமே யோசித்திருக்க வேண்டும். அப்படி யோசிக்காதவர்களுக்கு மோரும் தேசிக்காயும் இருக்கின்றன. ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிந்து நிற்கும், வாயுவும் நன்றாகக் கிளம்பும். ஆனால் அதைப் பிடித்து வைக்கக் கெட்டி கிடையாது. கிண்ணத்தில் நுரைக்கும், தாச்சியில் பரவும்.

சோடாவா, பவுடரா?

தயிரைவிட இதில்தான் வீடுகளில் சண்டை அதிகம். அப்பச்சோடா அமிலத்தைக் கண்டவுடனே வாயுவைக் கக்கிவிடும், காத்திருக்காது. பேக்கிங் பவுடருக்குள் சோடாவும் உலர்ந்த அமிலமும் சேர்ந்தே இருப்பதால் தயிரின் தயவு அதற்கு வேண்டாம். பெரும்பாலான பவுடர்கள் ஈரத்தில் ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை என்று இரண்டு தரம் பொங்கும். சோடாவின் வீரியத்தில் பவுடருக்கு நாலில் ஒரு பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் போடக் கூடாது என்பது அதனால்தான்.

சோடா மட்டும் போட்டால் முதல் இரண்டு பான்கேக் அருமையாக வரும், கடைசி இரண்டு தட்டை. பவுடர் மட்டும் போட்டால் எல்லாம் ஒரே உயரம், ஆனால் தயிரின் அமிலம் தீண்டப்படாமல் கிடந்து நிறம் வெளிறி நிற்கும், ஏனென்றால் அமிலம் சிவப்பதைத் தடுக்கும். புளிப்பை அடக்கவும் நிறம் கொடுக்கவும் கொஞ்சம் சோடா, உயரத்துக்குப் பவுடர். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. கடலோரத்து ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் கெதியாகச் செத்துவிடும். ஒரு கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், சீறாவிட்டால் குப்பைத் தொட்டிக்கு.

வெள்ளிக்கிழமை முட்டை இல்லாமல் என்றால் வரிசை கொஞ்சம் மாறுகிறது. முட்டைக்குப் பதில் கால் கப் தயிர் கூடுதலாகப் போட வேண்டும், அப்போது கலவையைத் தாங்க வடித்த வீட்டுத் தயிரும் புளித்த சட்டித் தயிரும் சமமாக நிற்கின்றன. நான் அன்று இரண்டையும் பாதிப் பாதி கலப்பேன். உயரம் முட்டை போட்டதளவுக்கு வராது, மென்மை குறையாது.

தாச்சியைச் சூடாக்கிவிட்டுத்தான் ஈரத்தையும் மாவையும் சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை கிளறினால் காணும், சின்னக் கட்டிகள் இருக்கட்டும். வழுவழுப்பாகும்வரை அடித்தால் எந்தத் தயிர் போட்டும் பயனில்லை, றப்பராகும். தோசைக்கல்லில் சூடு நன்றாக நிற்கும், ஆனால் வெங்காயத் தோசை வார்த்த கல்லில் பான்கேக் வார்த்தால் வெங்காயப் பான்கேக்தான். நான்ஸ்டிக் தாச்சி, நடுத்தரத்துக்கும் கீழே தீ. மேலே வந்த குமிழிகள் உடைந்து குழி மூடாமல் நின்று, ஓரம் மினுக்கம் போனதும் ஒரே ஒரு தரம் திருப்புங்கள். திருப்பியபின் அகப்பையால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அமுக்கினால் வாயு போய்விடும்.

மிஞ்சிய கலவை அடுத்த நாளைக்கு எழும்பாது, அதை நம்ப வேண்டாம். பாலை ஊற்றித் தண்ணீராக்கி மெல்லியதாக வார்த்து, தேங்காய்ப்பூவும் பாணியும் கிண்டி உள்ளே வைத்துச் சுருட்டிவிடுங்கள். பின்னேரத் தேநீருக்கு அது போதும்.