பேஸ்மென்ட் குழிக்கு மண் நகர்வுக் கணிப்பு: சாய்வு ரீடிங்கை நம்பலாம், ரிப்போர்ட்டை அப்படியே எடுக்காதீர்கள்

திருநெல்வேலி டவுன் பக்கம், 7.5 மீட்டர் ஆழத்துக்கு இரண்டடுக்கு பேஸ்மென்ட். மேலே மெத்தென்ற குளத்துக் களி, 14 மீட்டருக்குக் கீழே சிதைந்த பாறை. ஒட்டினாற்போல் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய மச்சு வீடுகள். இந்த மாதிரி இடத்துக்கு ஒரு சாயில் டெஸ்ட் நிறுவனம் கணிப்பும் கண்காணிப்பும் சேர்த்துத் தரும் சேவையின் மதிப்பீடு இது.

களத்தில் சாய்வு அளந்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. இன்க்ளினோமீட்டர் (மண்ணின் பக்கவாட்டு நகர்வைச் சாய்வாக அளக்கும் கருவி) இறங்கும் குழாயான கேசிங்கைப் பாறைக்குள் 2 மீட்டர் இறக்கி, சிமெண்ட்-பென்டோனைட் கலவை ஊற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அடி களியிலேயே நின்றால் கேசிங்கும் மண்ணோடு சேர்ந்து நகரும். ரீடிங் நகர்வைக் குறைத்தே காட்டும். கேசிங்குக்குள் புரோபை (அளக்கும் முனை) இறக்கியதும் உடனே இழுக்கவில்லை, நிலத்தடிச் சூட்டுக்கு வரப் பத்து நிமிடம் விட்டார்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒரு ரீடிங், மேலே வந்ததும் புரோபை 180 டிகிரி திருப்பி மறு ரீடிங். இரண்டின் கூட்டுத்தொகை எல்லா ஆழத்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஆழத்தில் மட்டும் துள்ளினால் கேசிங்கின் உள்தடத்தில் மண் சிக்கியிருக்கலாம். அதையும் அந்த இடத்திலேயே சரிபார்த்தார்கள்.

கோளாறு கணிப்பு ரிப்போர்ட்டில். சுவர் நகர்வு 15 மி.மீ., தரை இறக்கம் 11 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். கிளஃப், ஓ'ரூர்க் என்ற இரண்டு மண் பொறியியல் ஆய்வாளர்கள் 1990-இல் தந்த சராசரிகள் அவை: குழி ஆழத்தில் முறையே 0.2, 0.15 சதவீதம். ஆனால் அவை கெட்டிக் களிமண்ணுக்கு உரியவை. குளத்துக் களிக்குப் பொருத்தியது தவறு.

களியின் வலுவை எஸ்பிடி எண்ணிலிருந்து (சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் குழாய் இறக்கும் சோதனை) 40 கிலோபாஸ்கல் என்று எடுத்ததுதான் இதற்கு வேர். மெத்தென்ற களியில் எஸ்பிடியை நம்ப முடியாது. அதே இடத்தில் வேன் ஷியர் (மண்ணுக்குள் தகடுகளைத் திருகி வலுவை அளக்கும் சோதனை) 25 கிலோபாஸ்கல்தான் காட்டியது; பிளாஸ்டிசிட்டி (பிசையும் தன்மை) கூடிய களி என்றால் அதையும் குறைத்தே எடுக்க வேண்டும். குழியின் அடிக்களி மேலே பொங்கிவிடுமா என்று பார்க்கும் அடிப்பொங்கல் கணக்கைப் பாருங்கள். 7.5 மீட்டர் மண்ணின் எடை 135, மேற்சுமை 10, ஆக 145 கிலோபாஸ்கல். களியின் வலுவைத் தாங்கு எண் 6-ஆல் பெருக்கி இந்தச் சுமையால் வகுத்தால், 40-க்குப் பாதுகாப்பு எண் 1.66. 25-க்கு 1.03! இந்த எண் 1.5-க்குக் கீழே போனாலே நகர்வு மளமளவென்று கூடும். குழிச் சுவரைத் தாங்க இடைவெளி விட்டு இறக்கும் சோல்ஜர் பைல் பாறை வரை இறங்கினால் நிலைமை கொஞ்சம் தேறும். ரிப்போர்ட்டில் பைலின் நீளமே இல்லை.

தரை இறக்கத்தை அளக்கும் புள்ளிகளைக் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் வைத்ததும் போதாது. ஸ்ட்ரட் (குழிச் சுவர்களுக்கு இடையே முட்டுக்கொடுக்கும் கம்பம்) போட்டபின் பெரிய பள்ளம் சுவரடியில் விழாமல், ஆழத்தில் பாதி தூரம் தள்ளி விழும். அதனால் குழிக்குச் செங்குத்தாக 2, 4, 8, 15, 22 மீட்டரில் புள்ளிகள் வேண்டும். வீட்டை விரிய வைப்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வுதான். 300-க்கு 1 சாய்வில் சுவர்ப்பூச்சும் தடுப்புச்சுவரும் விரியத் தொடங்கும். காரைக் கட்டடத்துக்கு அதைவிடக் கண்டிப்பு தேவை. இறக்கத்தை ஒப்பிட அசையாமல் இருக்க வேண்டிய பெஞ்ச் மார்க்கைக் குழியிலிருந்து 12 மீட்டரில் உள்ள கல்வெர்ட் மேல் வைத்திருக்கிறார்கள். நகர்வு 22 மீட்டர் வரை போகலாம் என்னும்போது அதுவும் சேர்ந்தே இறங்கும்.

விலை ரீடிங்குக்கு இவ்வளவு என்ற கணக்கு. தோண்டி முடிந்ததும் ஒப்பந்தமும் முடிகிறது. இதை ஏற்காதீர்கள். மேலிருந்த மண் எடுக்கப்பட்டுச் சுமை குறைந்த களி, நாள் ஆக ஆகத் தண்ணீரை உறிஞ்சி வலு இழக்கும். ஜேசிபி நின்றாலும் நகர்வு நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி திறந்து கிடந்தால் வாரத்துக்கு இரண்டு ரீடிங்காவது வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது சுவர் மறுபடியும் அசையும். பைல் போடுமுன் இரண்டு அடிப்படை ரீடிங், கடைசி ஸ்ட்ரட் கழன்று தரைத்தள ஸ்லாப் இறுகும் வரை தொடர் ரீடிங் என்று வொர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். வேன் ஷியரையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.