பரணில் கிடக்கும் பழைய கணினி: எடைக்கா, எக்ஸ்சேஞ்சுக்கா, மறுசுழற்சிக்கா?

போகிக்குப் பரணை ஒழித்தபோது பழைய பாய்களுக்குப் பின்னாலிருந்து மூன்று சாமான்கள் இறங்கின: பெட்டி மாதிரி ஒரு சிஆர்டி மானிட்டர், ஒரு சிபியு, மெதுவாக ஓடும் ஒரு லேப்டாப். மூன்றையும் ஒரே கையில் தள்ளிவிடத்தான் நினைத்தேன்.

காயலான் கடைக்காரர் வாசலுக்கே வருவார், உடனே காசு தருவார். இந்த வசதியை வேறு எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் அந்தக் காசு எப்படி வருகிறது? மானிட்டரின் பின்பக்கம் உள்ள செம்புச் சுருளை உருவிய பிறகு கண்ணாடிக்கு விலை இல்லை. அது குப்பைமேட்டுக்குப் போகும். ஈயம் இருப்பதோ அந்தக் கண்ணாடியில்தான், அதுவும் கிலோ கணக்கில். செம்புக்காக வயரை எரித்தால் மேலே உள்ள பிவிசி பிளாஸ்டிக் டையாக்சின் என்ற நச்சைக் கக்கும். சர்க்யூட் போர்டிலுள்ள தங்கத்துக்காக அமிலத்தில் ஊறப்போடும் வேலை டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் பல காலம் நடந்தது. சுத்தமாகப் பிரிக்க ஆகும் செலவை மிச்சம் பிடிப்பதால்தான் நமக்கு நூறோ இருநூறோ கிடைக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை; சிபியுவின் வெறும் இரும்புக் கூட்டை அவரிடம்தான் போட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக ஒன்று வாங்குகிறவருக்கு, அதுவும் பழையது ஓடும் நிலையில் இருந்தால் மட்டும் லாபம். என் மானிட்டரை யாரும் சீண்டக்கூட மாட்டார்கள்.

அடுத்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. விற்ற பொருளின் கழிவுக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு என்கின்றன. ஈயக் கண்ணாடிக்கும் சர்க்யூட் போர்டுக்கும் சரியான இடம் இதுதான். குறைகளும் உண்டு. காசு சொற்பம், சில சமயம் ஒன்றுமே வராது. ஒற்றை மானிட்டருக்காக வண்டி அனுப்பவும் பலர் யோசிப்பார்கள். வாங்கி அப்படியே காயலான் கடைக்குத் திருப்பிவிடும் ஆளும் இருக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு, வாரியப் பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேப்டாப்பை இந்த மூன்றிலும் சேர்க்க மனம் வரவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல இயந்திரத்தை உடைப்பதா? பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் கல்லூரிப் பிள்ளைக்கு இன்னும் சில வருடம் உழைக்கும். ஓடுகிற பொருளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எங்கே கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். டெலீட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் அப்படியே இருக்கும். முழுக்க மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், ஓடாத டிஸ்க் என்றால் கழற்றித் தட்டில் துளை போட்டுவிடுங்கள்.

மானிட்டர் இன்னும் கூடத்து மூலையில்தான் இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு பிரிண்டர், மாடியில் இரண்டு யுபிஎஸ் தேறியிருக்கின்றன. இன்னும் நாலைந்து சேர்ந்ததும் வண்டியைக் கூப்பிட வேண்டும்.