ஹட்டனில் ஒரு தேநீர்க்கடையும் இளையராஜாவின் பின்னணி இசைக்குப் பத்து இடங்களும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் ரயில் நிலையத்தை நோக்கி இறங்கும் வழியில் உள்ள இந்தத் தேநீர்க்கடையின் பெயர்ப்பலகையில் எழுத்துகள் மழையில் அழிந்து வெறும் தகரம்தான் மிஞ்சியிருக்கிறது. கெசட் காலத்தில் இது ஒரு ரெக்கோடிங் பாராக இருந்தது; 60 நிமிட, 90 நிமிட வெற்றுக் கெசட்டைக் கொடுத்து, வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொழில் படுத்த பிறகு முதலாளி அடுப்பை வைத்தார். ஆனால் பலகைப் பெட்டி அடித்த இரண்டு பழைய ஸ்பீக்கர்களையும் அம்ப்ளிபயரையும் விற்க அவருக்கு மனம் வரவில்லை. அவற்றை வைத்துக்கொண்டுதான் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை இளையராஜாவின் பின்னணி இசையை மட்டும் ஒலிக்கவிட்டு, அதில் சிறந்த பத்துப் படங்களைக் கரும்பலகையில் வரிசைப்படுத்தி வருகிறார். எட்டு ஞாயிறுகள் போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

பாடல்களுக்கு அங்கே இடமில்லை என்பது முதல் சட்டம். ராஜா ரசிகர்கள் நான்கு பேர் கூடிப் படங்களை வரிசைப்படுத்தத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் அது பாடல்களின் வரிசையாகிவிடும். பிடித்த பாட்டு உள்ள படம் மேலே போகும், பாட்டு எடுபடாத படம் எவ்வளவு நுணுக்கமான பின்னணி இசையைக் கொண்டிருந்தாலும் கீழேயே கிடக்கும். 2002இல் பிபிசி நடத்திய உலக வாக்கெடுப்பில் 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காம் இடம் பெற்றதைச் சொல்லித் 'தளபதி'க்காக வாதாடிய ஓர் இளைஞரிடம், "அது பாட்டுக்குக் கெடச்ச எடம் தம்பி, நம்ம கணக்கு வேற" என்று முதலாளி வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. ஒருவர் ஐந்து படங்களை எழுதலாம். முதலாவதற்கு ஐந்து புள்ளி, ஐந்தாவதற்கு ஒரு புள்ளி. ஆனால் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு எதிரிலும், எந்தக் காட்சியின் இசைக்காக அந்தப் புள்ளியைக் கொடுக்கிறோம் என்பதையும் எழுதியாக வேண்டும். காட்சி எழுதப்படாத வரியை அவர் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுகிறார். இருபது வருடங்களாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையை ஓட்டிய எனக்கு முதல் வாரத்திலேயே மூன்று வரிகள் வெட்டுண்டன. 'ஜானி' என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு நினைவில் நின்றது பாடல்கள் மாத்திரம்தான். இந்தச் சட்டத்துக்காகவே கடைக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். அது ரசிகனை, தான் உண்மையில் எதைக் கேட்டான் என்று தனக்குத்தானே கேட்க வைக்கிறது.

காட்சியை முதலில் ஒலியாக மட்டும் கேட்கவிடுகிறார்கள். சுவரில் உள்ள தொலைக்காட்சியின் மேல் ஒரு பழைய மேசைவிரிப்பு தொங்கும். இரண்டாம் முறை விரிப்பை நீக்கிப் படத்தோடு காட்டுகிறார்கள். முதல் முறையில் நன்றாக இருந்த இசை இரண்டாம் முறையில் காட்சியை மிதித்துவிடுவதும், முதல் முறையில் ஒன்றுமே இல்லாததுபோல் கடந்துபோன நாலைந்து சுரங்கள் படத்தோடு சேரும்போது தொண்டையை அடைப்பதும் அங்கே அடிக்கடி நடக்கும்.

பலகையில் இப்போது முதலிடம் 'நாயகன்' படத்துக்கு. 1987இல் வந்த அது இளையராஜாவின் 400ஆவது படம் என்பது அங்கே வருகிறவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அதற்காக யாரும் புள்ளி போடவில்லை. 'தென்பாண்டிச் சீமையிலே' பாட்டாயிற்றே, அது எப்படிக் கணக்கில் வரும் என்று ஒருவர் எதிர்த்தபோது நடந்த வாதம்தான் நான் அங்கே கேட்டவற்றில் சிறந்தது. பாட்டாகப் பாடப்படும் இடத்துக்குப் புள்ளி கிடையாது, ஆனால் அதே மெட்டு கதாநாயகன் வேலுவின் வாழ்க்கையில் இழப்பு நேரும் இடங்களில் வேறு வேறு உருவில் திரும்பி வரும்போது அது பின்னணி இசையாகிவிடுகிறது என்று முடிவானது. சரியான முடிவு. ஒரே மெட்டை ஒரு மனிதனின் வயதோடு சேர்த்து வளர்ப்பது, புதிதாக ஒரு மெட்டுப் போடுவதைவிடக் கடினம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் இடத்தில் 'தளபதி' இருக்கிறது. கைக்குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்ட தாயும், வளர்ந்துவிட்ட அந்த மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் கோயிலில் நிற்கும்போது தொலைவில் ரயில் கூவும் காட்சிக்குத்தான் கொப்பியில் அதிகப் புள்ளிகள். எனது மூன்றாவது ஞாயிறன்று அதை விரிப்பு மூடிய நிலையில் கேட்டுக்கொண்டிருந்தபோது, படத்தின் ரயில் கூவி ஓய்ந்த மறுநொடியில் கீழே ஹட்டன் நிலையத்துக்குள் நுழைந்த பதுளை ரயில் நீளமாகக் கூவியது. யாரும் சிரிக்கவில்லை. வடைமாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை மாவிலேயே வைத்தபடி சன்னலைப் பார்த்தார். அன்றைக்குத் 'தளபதி'க்கு விழுந்த புள்ளிகளில் கொஞ்சத்தை ரயில்வேத் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

மூன்றாவது 'மௌன ராகம்'. ஆக, முதல் மூன்று இடங்களும் மணிரத்னத்தின் படங்களுக்கே போய்விட்டன. 1983இல் கன்னடத்தில் 'பல்லவி அனுபல்லவி'யில் தொடங்கி 1991இல் 'தளபதி'யோடு முடிந்த அந்தக் கூட்டணியின் தரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியவை. காட்சிகள் எல்லோருக்கும் நினைவில் இருக்கின்றன. காட்சியை எழுதச் சொல்லும் சட்டம் பாடலின் செல்வாக்கை வெட்டிவிட்டு, மறுஒளிபரப்பின் செல்வாக்கைப் பின்கதவால் உள்ளே விட்டுவிடுகிறது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) நான்காவதாக நிற்பது ஓர் ஆறுதல். ஊரே கரையில் நிற்க, படத்தின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேல் ஆற்றில் இறங்கும் முடிவுக் காட்சியை டிக்கோயாப் பக்கத்து ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் கொப்பியில் அரைப்பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழைகளோடு அதுதான் அந்தக் கொப்பியிலேயே நல்ல பக்கம்.

'ஹே ராம்' ஆறாவது இடத்தில் இருக்கிறது. வேறோர் இசையமைப்பாளருக்காகப் படமாக்கி முடித்த பாடற்காட்சிகளுக்கு, உதட்டசைவு பிசகாமல் புதிய மெட்டுகளைப் பொருத்திய கதையும், புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரிய இசைக்குழுவைக் கொண்டு ஒலிப்பதிவு செய்த கதையும் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அந்தப் படத்துக்கு இந்தக் கடை நியாயம் செய்யவில்லை. வலப்பக்க ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கிறது. தாழ்ந்த சுரத்தில் தந்திக்கருவிகள் சேரும்போதெல்லாம் போத்தலில் அகப்பட்ட வண்டைப்போல் அது இரைகிறது. போதாததற்கு அதே நேரத்தில் வடை எண்ணெயில் விழும். மூன்று மணி நேரம் பொரியல் வேலையை நிறுத்தினால் கடை நட்டப்படும் என்பது புரிகிறது. ஆனால் ஒரு பெரிய இசைக்குழு வாசிக்கும் நான்கு நிமிடத்துக்காவது சட்டியை இறக்கி வைக்கலாம்.

பாட்டே இல்லாத 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) ஒன்பதாவது இடத்தில் கிடப்பதுதான் இந்தப் பலகையின் பெரிய முரண். பின்னணி இசைக்கென்றே ஒரு வரிசை போட்டால், முழுப் படத்தையும் அந்த இசையொன்றே தாங்கிச் செல்லும் படம் முதல் ஐந்துக்குள் வராமல் எப்படி? காரணம் எளிது. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நாற்பதைத் தாண்டியவர்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பத்தாவது இடத்தில் உள்ள 'தாரை தப்பட்டை', இளையராஜாவின் ஆயிரமாவது படம், பின்னணி இசைக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது. அது பலகைக்கு ஏறியதற்கு விருது காரணமில்லை. தோட்டத்தில் தப்படிக்கிற நான்கு பையன்கள் ஒரே நாளில் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். அதே விருதை முன்னதாகப் பெற்ற 'பழசிராஜா'வைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி, என் மனத்தாங்கல். 1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைக் கொப்பியில் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் வெட்டப்பட்டது. காட்சி எழுதவில்லை என்பதல்ல காரணம். படத்தில் ஒலிக்கும் இசை, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற தனி இசைத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. காட்சிக்காக அமைக்கப்படாத இசை பின்னணி இசையாகாது என்பது முதலாளியின் தீர்ப்பு. தர்க்கப்படி அவர் சொல்வதை மறுப்பது கடினம். மேற்கத்திய இசைமேதை பாஹையும் தியாகராஜரையும் மனத்தில் கொண்டு உருவான அந்த இசைக்கு, சென்னையில் ஒரு வேலைக்குப் போகும் பெண் சிறுகச் சிறுகச் சுவரெழுப்பும் கதை தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் எந்த இசை எந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று தெரிவதும் பின்னணி இசையின் பாதியல்லவா? கடையின் இரண்டு முறைக் கேள்வியை, அதாவது விரிப்பை மூடி ஒரு தடவை, நீக்கி ஒரு தடவை என்ற அந்தச் சோதனையை, 'வீடு' படத்துக்கு வைத்துப் பார்த்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்றே நம்புகிறேன். இசை அதேதான், படம் சேர்ந்ததும் அதன் அர்த்தம் வேறாகிவிடுகிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து தமிழ்நாடு போன ஒருவர் எடுத்த அந்தப் படம், பத்தடிக்குப் பன்னிரண்டடித் தோட்டத்து லயன் காம்பராவில் மூன்று தலைமுறை கழித்த நமது ஆட்களுக்கு என்ன செய்யும் என்பதை நான் தனியே விளக்க வேண்டியதில்லை. அன்று எனக்கு எதிரே அமர்ந்திருந்த கங்காணி ஐயா கொப்பியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு இங்கயும் எடமில்லையா சேர்?" என்று மட்டும் கேட்டார். முதலாளி காதில் விழாததுபோல் அம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளேன்டீ 50 ரூபா, பால் தேநீர் 120 ரூபா. பிளேன்டீ நல்ல சாயம். இஞ்சி தட்டிப் போடச் சொன்னால் போடுகிறார்கள். உளுந்து வடை நான்கு மணிக்குப் பிறகு ஆறியதுதான் கிடைக்கும். கட்டுச்சம்பலோடு ரொட்டி கேட்பது நல்லது. மூன்று வாங்குகளில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரலாம், மற்றவர்கள் நிற்க வேண்டும். பெண்கள் வசதியாக உட்கார்ந்து கேட்க ஓர் ஒதுக்கமோ, கழிப்பறையோ இல்லாதது பெருங்குறை. கொப்பியில் பெண்களின் பக்கங்கள் ஆறேழுதான் இருக்கின்றன. அவற்றில் 'முதல் மரியாதை' எல்லாவற்றிலும் முதலிடத்தில் இருந்தும் பலகைக்கு வரப் புள்ளி காணவில்லை.

போகிறவர்கள் இரண்டரை மணிக்கே போய் இடப்பக்க ஸ்பீக்கருக்கு நேரே உள்ள வாங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தகரக்கூரை போடும் சத்தத்தில் மெல்லிய இடங்கள் கேட்காது. பலகை மாதத்தின் முதல் ஞாயிறன்று திருத்தப்படுகிறது. சென்ற வாரம் மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் மூன்றாவது முறையாக 'வீடு' என்று எழுதி, காட்சிக்கான இடத்தில் இந்தத் தடவை ஒரு முழுப்பக்கம் நிரப்பிவிட்டு வந்திருக்கிறேன்.